விலையும் செவியும்

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் அந்த விலைக்குத் தகுந்ததுதானா என்ற கேள்வியை நம் நண்பர்கள் கடைக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடும். எனக்கு அது விமர்சனத்தின் கேள்வியாகவே படுகிறது. ஒன்றை உயர்ந்தது என்று நாம் சொல்லும்போது, சொல்வது நம் புலனா, அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டா?

முதலில் உச்சத்தைப் பார்த்துவிடலாம். ஸென்ஹைஸர் என்ற ஜெர்மானியக் கம்பெனி 1991-இல் ஆர்ஃபியஸ் என்ற ஹெட்ஃபோனைச் செய்தது. சுமார் 300 மட்டும். 2015-இல் அதன் வாரிசை அறிவித்தபோது விலை 50,000 யூரோ வாக்கில். குமிழை அழுத்தினால் கராரா சலவைக்கல் பெட்டிக்குள்ளிருந்து 8 வால்வுகள் மெல்ல எழும்பி வரும். திரை விலகித் தீபாராதனை காட்டுகிற மாதிரி. 1,00,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்கிறார்கள். மனிதக் காது, அதுவும் இளங்காது, கேட்பது 20,000 வரை. முப்பதைத் தாண்டி, நோட்டு எண்ணும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் காதுக்கு அதுவும் முழுசாகக் கிடைக்காது. மிச்சத்தைச் செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்து வௌவால்கள் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் பம்மாத்து என்று சொல்ல வரவில்லை. அதன் உள்ளே அதிரும் படலம் 2.4 மைக்ரான் கனம். அதை இயக்கத் தனி ஆம்ப்ளிஃபயர், நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம். செய்யப்படுவதோ சொற்ப எண்ணிக்கை. செலவு நிஜம். செலவு நிஜம் என்பதாலேயே ஒலியும் அதே விகிதத்தில் உயர்ந்துவிடும் என்பதுதான் நிஜமல்ல. 2017-இல் ஜெரோன் ப்ரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதிவரை எதை எவ்வளவு எழுப்புகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே தென்படவில்லை. சௌகரியம், உழைப்பு, பழுது பார்க்கும் வசதி என்று வேறு நியாயங்கள் உண்டு. 1997-இல் வந்த எச்.டி. 600 இன்னும் விற்பதற்கு உதிரிபாகம் கிடைப்பதும் ஒரு காரணம். ஆனால் யாரும் உதிரிபாகத்தைப் பற்றி உருகி எழுதுவதில்லை.

திண்டிவனத்து நண்பர் ஒருவர் 1,40,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். வல்லத்தில் என் வீட்டு மாடிக்கு அதைக் கொண்டுவந்தார். என்னிடம் இருந்தது 2,200 ரூபாய்ச் சரக்கு. ஆடி மாதம், அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஓய்ந்தபின், இரவு பத்தரைக்கு மேல் பரீட்சை. கண்ணைத் துண்டால் கட்டியும் பிரயோஜனமில்லை. தலையில் உட்கார்ந்த கனமே எது எது என்று காட்டிக் கொடுத்துவிட்டது. ஹர்மன் கம்பெனியில் ஷான் ஆலிவும் சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஒரே ஹெட்ஃபோனை மின்னணு முறையில் திருத்தி, மற்றவை எல்லாவற்றின் குரலிலும் பேச வைத்தார்கள். சத்தத்தின் அளவையும் சமன் செய்வார்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். எங்களிடம் துண்டு மட்டுமே இருந்தது.

புதிய ஒலிப்பதிவுகளில் வித்தியாசம் தெரிந்தது. நண்பருடையதில் மிருதங்கத்தின் இடந்தலை தனியே, சதையோடு நின்றது. என்னுடையதில் குரல் முன்னால் வந்தது. வித்தியாசம் என்பது உயர்வு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வியாபாரமும் நடக்கிறது, நம் மதிப்புரைகளில் பாதியும் நடக்கின்றன. பிறகு ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. 78 சுற்றுத் தட்டு, பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம். அந்தக் காலத் தட்டுகளில் ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இசை என்று அதிகம் இல்லை, ஊசியின் இரைச்சல்தான். 1,40,000 ரூபாய் அந்த இரைச்சலை வெகு துல்லியமாகக் கொடுத்தது. “ஊசிச் சத்தம்கூட எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா சார்?” என்றார் நண்பர், கண்ணைத் திறக்காமலேயே.

சிரித்தேன், ஆனால் அவர் அந்தத் தோடியை இரண்டு பக்கமும் அசையாமல் கேட்டார். கைப்பேசியைத் தொடவில்லை. நான் பஸ்ஸில் அதே தோடியை எத்தனையோ முறை பாதியில் விட்டிருக்கிறேன். அவர் விலை கொடுத்தது அந்த ஆறு ஏழு நிமிஷ அசையாமைக்கு என்றால் அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அசையாமை 2,200 ரூபாயிலும் கிடைக்கக் கூடியது என்று சொல்லவும் தயக்கமில்லை.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்ததும் துண்டு கட்டும் வேலைதான். கவிஞர் பெயரை மறைத்து 13 கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார்; அவர்கள் எழுதித் தந்ததை 1929-இல் புத்தகமாக்கினார். டன்னும் ஹாப்கின்ஸும் பலரிடம் அடிவாங்கினார்கள். இதைப் பி.ஏ. வகுப்பில் படித்தபோது மாணவர்களின் மடமை என்று தோன்றியது. இப்போது வேறு விதமாகப் படுகிறது. பெயர் இருந்திருந்தால் அவர்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு? மறுபக்கம், பெயர் தெரிந்ததும் ஒருவன் நிதானித்து இரண்டாம் முறை படிக்கிறானே, அந்த இரண்டாம் வாசிப்பு பொய்யுமல்ல. நண்பரின் அசையாமை மாதிரி.

நம்முடைய வட்டம் சின்னது. யார் எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் கவிதைக்குள் போகிறோம். நாலு வரியிலேயே நடையின் கனம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பார்கள். சிலரிடம் அது நடக்கும், எல்லோரிடமும் அல்ல. அடுத்த இதழின் கவிதைகளைப் பெயரில்லாமல் அச்சிட்டு, பெயர்களை அதற்கடுத்த இதழில் தரலாம் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். அவர் சம்மதித்தால் பெயர்கள் வெளியாகும் முன்பே பத்துக் கவிதைகளைப் பற்றியும் என் அபிப்பிராயத்தை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவைப்பேன்.

நண்பர் ஹெட்ஃபோனை 90,000-க்குத் தரத் தயார் என்கிறார். அதைவிட உயர்ந்தது ஒன்று வந்திருக்கிறதாம்.