துணைக்கு யார் என்று கேட்கும் ஊர்

வேதாரண்யத்துக்கு யாரும் போகிற போக்கில் வந்துவிட முடியாது. வேறெங்கோ போகும் வழியில் இந்த ஊர் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடிக்கரை முனையில் மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்புக்குச் சற்று வடக்கே இருக்கிறது ஊர். இதைத் தாண்டினால் உப்பளம், உப்பளத்தைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் கடல். அதனால் இங்கே வந்து இறங்குகிறவர் எவரானாலும் அவருக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று ஊர் நம்புகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வருகிறவர்கள் மறுநாள் போய்விடுவார்கள். பறவை பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார்கள். பெட்டியும் படுக்கையுமாக ஒரு பெண் தனியாக வந்து வாடகைக்கு வீடு தேடினால் மட்டும் ஊருக்குக் கணக்கு இடிக்கிறது. "தனியாவா வந்திருக்கீங்க? துணைக்கு யாரு?"

வேலை மாற்றலில் நான் இங்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. வீட்டுக்காரம்மா கேட்டார், கூறுகட்டி மீன் விற்கும் அக்கா கேட்டார், பூக்கடையில் கேட்டார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கேட்டார். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாகத் தோன்றும். ஆனால் இந்தக் கரையில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது.

கோடிக்கரையில் குழகர் கோயில் இருக்கிறது. சேரமான் பெருமாளோடு தெற்கே போகும் வழியில் சுந்தரர் அங்கே வந்தார் என்கிறது பெரியபுராணம். கடற்காற்று வந்து அறைகிறது. சுற்றிலும் காடு. பக்கத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை. அந்த இடத்தில் சாமி மட்டும் தனியாக இருப்பதைப் பார்த்து சுந்தரர் மனம் பொறுக்காமல் கேட்கிறார்: இந்தக் கரையில் உமக்குத் துணை யார், பக்கத்தில் நாலு குடி இருந்தால்தான் என்ன குறைந்துபோகும். பதிகம் முழுக்க இந்தக் கவலைதான் ஓடுகிறது. முன்பு அதைப் பக்திப் பாட்டாக மட்டுமே படித்திருந்தேன். இங்கு வந்த பிறகு படித்தபோது, தெருவில் எதிர்ப்படும் பெரியம்மா ஒருத்தியின் குரல் அதில் கேட்டது. கடவுளையே விட்டுவைக்காத கேள்வி, மாற்றலில் வந்தவளை விடுமா?

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காதீர்கள். சொந்த ஊர் எது, என்ன வேலை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒளிவில்லாமல் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரம்மா உங்கள் அப்பாவின் தொலைபேசி எண்ணை வாங்கி நாட்காட்டி ஓரத்தில் எழுதி வைப்பார். எழுதட்டும். புயல் வரும் கரை இது. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது இங்கே உயிர் காக்கும் வேலை.

வெளியூர்க்காரர்களை ஊர் எப்படி நடத்தும் என்று அறிய 1930ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்காக இங்கே உப்பெடுக்கக் கிளம்பினார்கள். இருநூற்று நாற்பது கிலோமீட்டர் அளவு நடை. நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், இவர்களுக்குச் சோறு போடுவதும் தங்க இடம் கொடுப்பதும் குற்றம், சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஊர் ஊராக எச்சரித்தார். அடிப்பதையும் பிடிப்பதையும் எல்லா அரசும் செய்யும். வழிப்போக்கனுக்குச் சோறு போடாதே என்று காவிரிப் படுகையில் போய்ச் சொன்னது வேறு வகைக் கொடுமை. மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். யார் போட்ட சோறு என்று போலீசுக்கும் தெரியவில்லை, சாப்பிட்டவர்களுக்கும் தெரியவில்லை.

28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தவர்களுக்கு இடமும் உணவும் ஏற்பாடு செய்து காத்திருந்தவர் இந்த ஊர் வேதரத்தினம் பிள்ளை. 30ஆம் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். வேதரத்தினம் பிள்ளையும் சிறைக்குப் போனார், சொத்தும் பறிபோனது. இன்று எல்லோரும் அவரைச் சர்தார் என்ற பட்டத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஊருக்குத் தெற்கே அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வைரப்பனின் நினைவுத் தூணை என்று எனக்குப் படுகிறது. வைரப்பன் இந்த ஊர் முடிதிருத்தும் தொழிலாளி. தன்முன் சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் சத்தியாகிரகிகளை ஒடுக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்குப் போனார். தலைவர்களுக்குச் சிலை வைக்கும் ஊர்கள் நிறைய உண்டு. சவரக் கத்தியைக் கீழே வைத்தவருக்குத் தூண் எழுப்பி, நின்று அந்தக் கதையைச் சொல்லும் ஊரில் நான் குடியிருக்கிறேன் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை.

சர்தார் 1946இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. எங்கெங்கிருந்தோ வந்த பெண் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். அதனால் குடும்பத்தை விட்டு வெளியூரிலிருந்து வந்து வாழும் பெண் இந்த ஊருக்குப் புதியவள் அல்ல. கேள்வி கேட்கும் பெரியம்மாக்களில் சிலர் அங்கே படித்தவர்கள். கேட்டு முடித்ததும் அவர்களே வீடும் பார்த்துக் கொடுப்பார்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு மாலை நேரம்தான் கடினம். இங்கே அதற்கு மறைக்காட்டீசர் கோயில் இருக்கிறது. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி மறுபடி அடைத்ததும் இங்கேதான் என்பது மரபு. அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அந்தக் குரலைக் கேட்ட பின் வீணை எதற்கு என்று சரஸ்வதி இங்கே வீணையில்லாமல் இருக்கிறாள். தாயுமானவர் பிறந்த ஊரும் இதுவே என்பார்கள். பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கேற்றும் நேரத்தில் பிரகாரத்தில் போய் உட்காரலாம். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கே மட்டும் யாரும் கேட்பதில்லை.

இனி தண்ணீர். இதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். இந்த வட்டாரம் பழைய கடற்கரை மணல்மேடுகளின் மேல் அமைந்தது. மேட்டு மணலில் மழைநீர் தங்கி நிற்பதால் ஒரு தெருவில் ஆழமில்லாத குழாயிலேயே இனிப்பான தண்ணீர் வரும். பள்ளத்தில் இருக்கும் அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாத உப்பு. கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது. அது வரும் நேரத்தை அறிந்து குடம் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தோடு பழக்கம் ஏற்படுவது பெரும்பாலும் இந்தக் குழாயடியில்தான். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் குடத்தை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்களும் கொடுங்கள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சைக்கிள் சங்கிலி, ஜன்னல் கம்பி, மின்விசிறி எதுவும் தப்பாது. மரக் கட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். இரும்பு பீரோவை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம்.

இந்த ஊரின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது. மழைத் தண்ணீர் வடிந்ததும் உப்பளப் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். மாசிக்கு மேல் உப்பு விளையும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளையும் இடம் இது. வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், நிற்க முடியாது. அதனால் இருட்டு பிரியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. உப்பு வாரி அம்பாரமாகக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி வைப்பார்கள். உப்பு நீரிலேயே நிற்பதால் காலில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதில்லை. நாம் விலையே பார்க்காமல் வாங்கும் பொருள் இவர்கள் காலைத் தின்றுதான் விளைகிறது. சத்தியாகிரக நினைவு நாளில் உப்பெடுக்கக் கூடுகிறவர்கள் அடுத்த பாத்தியில் வேலை செய்கிறவர்களையும் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உப்பளத்துக்கு வடக்கேயும் மேற்கேயும் போனால் வேறு நிலம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தேத்தாகுடி என்று மணல் பாங்கான கிராமங்கள். மா, தென்னை, சவுக்கு, புகையிலை, முல்லை. விடியும் முன் முல்லை மொட்டு பறிக்கப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். தோப்புத்துறையில் முஸ்லிம்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். கோடையில் கோலா மீன் வரும். மீன் அக்காவிடம் ஒரு ஆளுக்கு என்று சொன்னால் முதலில் சிரிப்பார், பிறகு கூறைப் பிரித்துக் கொடுப்பார்.

ஐப்பசி பிறந்ததும் ஊரின் முகம் மாறிவிடும். உப்பளங்கள் ஏரி போல் நிரம்பும். அங்கே வேலை செய்தவர்கள் கையில் காசில்லாமல் நிற்பார்கள். அதே நேரத்தில் கோடிக்கரையில் மீன்பிடி பருவம் தொடங்கும். வேறு ஊர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்கி, பங்குனி வரை தொழில் செய்துவிட்டுத் திரும்புவார்கள். தொலைவிலிருந்து பூநாரைகளும் உள்ளான்களும் சதுப்பில் வந்து இறங்கும். கோடிக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிமான்களும், எப்போதோ மனிதர்கள் விட்டுப்போய்க் காட்டுக்குள் பெருகிய மட்டக் குதிரைகளும் அங்கே மேய்கின்றன.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. அந்த இரவைப் பற்றிப் பேசாத வீடு இங்கே இல்லை. தாத்தா வைத்த மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னைகள் வரிசை வரிசையாக முறிந்தன. கடல் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டியது. கோடிக்கரை மான்கள் செத்து ஒதுங்கின. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாலையில் கிடந்த மரங்களை வெட்டி வழி ஏற்படுத்தியது பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான். ஒரு தென்னை காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிந்தவர்களுக்கு அந்த இழப்பின் நீளம் புரியும். அப்போது வைத்த கன்றுகளைக் காட்டித்தான் தோப்புக்காரர்கள் இப்போது பேச்சைத் தொடங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பேச்சை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். ஒரு அடைமழைக் காலத்தை இவர்களோடு கழித்த பிறகுதான், "புயலுக்கு முன்னாடி நம்ம தோப்பு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று உங்களையும் சேர்த்துக்கொண்டு பேசத் தொடங்குவார்கள்.

போக்குவரத்து முன்னைப்போல் இல்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் ரயில் பாதையை அகலப்படுத்தி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ரயில் குறைவு என்பதால் பேருந்தை நம்பித்தான் திட்டமிட வேண்டும். பெரிய மருத்துவத்துக்கு நாகப்பட்டினமோ திருவாரூரோ தஞ்சையோ போக வேண்டியிருக்கும். தொடர்ந்து மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டு வர வேண்டும். இதைச் சொல்லாமல் ஊரைப் புகழ்வது நியாயமாகாது.

வீடு தேடுகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். கோடையில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். மழை விட்ட மறுநாள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். குழாயை அடித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புயலன்று இந்தத் தெருக்காரர்கள் எந்தக் கட்டடத்தில் போய்த் தங்கினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கட்டடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால், வாடகை நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் முன்பணத்தைக் கொடுத்துவிடலாம்.