தண்ணீர் வந்த வழி

இந்த பிரீமியர் பத்மினி மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. பார்க்க வருகிறவர்கள், "பெரியப்பா ஞாபகமா வச்சிருக்கீகளா?" என்று உருகும்போது தலையாட்டி வைப்பேன். உண்மையில் பெரியப்பா எங்களை இதில் ஏற்றியதே அபூர்வம். தூத்துக்குடியில் அவருக்கு உப்பளம். நாங்கள் காலைக் கழுவாமல் ஏறினால் முதுகில் ஒன்று விழும். அவர் மட்டும் பாத்தி வரப்பிலிருந்து நேராக வந்து செருப்போடு உட்காருவார். அவர் போன பிறகு வண்டி கொட்டகையில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான், பாளையங்கோட்டைக்கு நான் கொண்டுபோகிறேன் என்றேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு வீட்டுக்கு வெளியே நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வெளியே பார்க்க மோசமில்லை. கதவின் அடியிலும் முன் மட்கார்டிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். சில இடங்களில் கணீரென்றது, சில இடங்களில் சத்தமே எழவில்லை. சத்தம் எழாத இடமெல்லாம் பட்டி. யாரோ ஒரு டிங்கர் ஓட்டையைத் தகரம் வைத்து அடைக்காமல் பட்டியை அப்பி, மேலே வழவழவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார். பட்டி ஈரத்தை உறிஞ்சும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிப் பிடித்தபோது அது கட்டி கட்டியாக உதிர்ந்து, பின்னால் இருந்த இரும்பு பொடியாகக் கொட்டியது. உள்ளே மேட்டைத் தூக்கினால் அடியில் விரித்திருந்த கம்பளி நசநசவென்று ஊறியிருந்தது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, என் வாசல் தரை.

உடைத்து உதிர்க்கும் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் முப்பத்துச் சொச்சம் வருஷம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாளை ஒட்டி அனுப்பியவனுக்கு, அடிவரை சுரண்டிப் பார்ப்பது தனி சுகம்.

சுரண்டி முடித்ததும் தகரம் வைக்கலாம் என்று டிங்கர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தகரம் எப்ப வேணாலும் வச்சுத் தாரேன். தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாத்தீகளா?" என்றார். பார்க்கவில்லை. துரு என்றால் இரும்பு சம்பந்தப்பட்டது என்றே நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவியை டார்ச்சோடு காருக்குள் உட்காரவைத்து, வெளியே ஹோஸ் பிடித்தேன். கூரையில் அடித்தேன், ஒன்றுமில்லை. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ரப்பர் பீடிங் மேல் அடித்ததும், "இங்க ஒழுகுது" என்று குரல் வந்தது. இறுகி வெடித்துப்போன பீடிங் வழியாக இறங்கிய தண்ணீர், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி, நேராகக் கம்பளிக்குப் போகிறது. கதவுகளில் இன்னொரு கதை. கண்ணாடி இறங்கும் இடைவெளியில் மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அது வடியக் கதவின் அடியில் துளைகள் உண்டு. தூசியும் பழைய பெயின்ட்டும் அவற்றை அடைத்திருந்தன. ஒரு சைக்கிள் ஸ்போக்கால் குத்திவிட்டேன். சேறு வந்தது.

மழை மட்டும் காரணம் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். தகரம் மேல் தகரம் சேரும் இடுக்கில் பெரியப்பாவின் செருப்பு கொண்டுவந்த உப்பு உட்கார்ந்திருந்தால், வானம் வெளுத்திருந்தாலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். அந்த நனைவில் குளோரைடு கலந்திருப்பதால் துரு இன்னும் வேகமாக ஏறும். துரு இரும்பைவிடப் பருமனானது. இடுக்கை விரித்து மேலும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும். அதனால் சுரண்டிய கையோடு ரெட் ஆக்சைடு அடிப்பதில் பிரயோசனமில்லை. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், உடனே வெயிலில் காயவைக்க வேண்டும். இரும்பைக் காப்பாற்ற அதை நனைக்க வேண்டும் என்பது மனதுக்கு ஒப்பவேயில்லை. ஆனாலும் கழுவினேன்.

பிறகுதான் வெல்டிங். இந்தக் காருக்கு ஜீப்பைப் போலத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழே பெட்டியாக ஓடும் ரன்னிங் போர்டை அப்படியே வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு சேராது. அண்ணாச்சி முதலில் கதவு வாசலில் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் வெட்டினார். அதற்கும் முன்பே பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டார். காலி டேங்க் என்று நான் சொன்னதற்கு முறைத்தார். பெட்ரோலைவிட அதன் ஆவிதான் வெடிக்கும்.

எனக்குத் தரையில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். 20 கேஜ் தகடு, சிஓடூ வெல்டிங். ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால் ஓட்டை விழும். ஒரே கோடாக இழுத்தால் தகடு சூட்டில் நெளியும். இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும். என் மூலை அழகாக இல்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை.

கை எட்டாத இடுக்குகளில் துருவை மாற்றும் திரவம் தடவினேன். பழுப்பு நிறம் பார்த்திருக்கும்போதே கறுத்தது. அதில் டானின் இருக்கிறது. இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வித்தைதான். ஆனால் இது மெல்லிய துருவுக்கு மட்டும். அடுக்கடுக்காக உரியும் துருவை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. கடையில் அப்படிச் சொல்லி விற்க மாட்டார்கள்.

செலவில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்விட்டது. தரைக்கு எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், ரன்னிங் போர்டுக்குள் மெழுகு. வெளியே வண்டி சாம்பல் பிரைமரில், தேமல் விழுந்தாற்போல நிற்கிறது. ஆவணியில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் வேண்டுமாம், அதற்குள் வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடு என்று அண்ணன் போனில் நச்சரிக்கிறார். மேலே பளபளவென்று பூசிவிட்டால் உள்ளே எது மறுபடி கிளம்பினாலும் எனக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுசாக ஒரு தடவை அதன் மேல் பெய்து முடியாமல் நான் பெயின்ட் டப்பாவைத் திறக்கப்போவதில்லை. கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.