மூன்றாவது மூலகம்

ஆவர்த்தன அட்டவணையில் ஐதரசன், ஈலியம் இரண்டையும் கடந்தால் வருவது இலிதியம். கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் மிதக்கும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை வருடா வருடம் படிப்பிக்கிறேன். இதன் உப்புத்தான் எங்கள் காக்காவைப் பதினாறு வருடங்களாக மனிதருக்குள் மனிதராக வைத்திருக்கிறது.

அதற்கு முன், மூன்று நாள் தொடர்ந்து தூங்காமல் நடுச்சாமத்தில் கடற்கரையை அளந்துகொண்டிருப்பார், மாடிவீடு கட்டவாம். பிறகு மாதக்கணக்கில் பாயைவிட்டு எழும்பமாட்டார். உம்மா ஓதாத தண்ணீரில்லை, கட்டாத இஸ்மில்லை.

"தூக்க மருந்து கொடுத்து மடக்கி வைத்திருக்கிறார்கள்" என்று ஊரில் பேசுகிறார்கள். அது பிழை. இலிதியம் மூளையின் நரம்புக் கலங்களுக்குள் நுழைந்து, இனோசிற்றோல் என்ற பொருளைத் திரும்ப உருவாக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. கலத்துக்குள் மிதமிஞ்சி ஓடும் செய்திகள் அதனால் தணிகின்றன என்பது ஒரு விளக்கம். ஜீ.எஸ்.கே.-3 என்ற இன்னொரு நொதியத்தையும் அது அடக்குகிறது. குணம் தெரிய ஒன்றிரண்டு வாரமாவது செல்லும். முழுக் கணக்கு விஞ்ஞானிகளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

1949இல் இதை வெளியிட்டவர் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட். யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாகக் கிடந்தவர். அவருடைய முதல் நோயாளி அதிசயமாகக் குணமடைந்து வீடு போனார். மருந்தை விட்டதும் நோய் திரும்பியது. 1950இல் அதே இலிதியம் நஞ்சாகி அவர் இறந்துபோனார்.

மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அவ்வளவு ஒடுக்கமான வரம்புதான். இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது நல்லது. 1.5ஐத் தாண்டினால் வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல். சிறுநீரகம் இலிதியத்தைச் சோடியம் போலவே நடத்துகிறது. வியர்வையிலோ வயிற்றோட்டத்திலோ உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே இலிதியத்தையும். வலிக்கு விழுங்கும் ஐபுபுரோபனும் அளவைக் கூட்டும்.

அதனால்தான் றமழான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையானது. வைத்தியரின் கண்காணிப்பில் நோன்பு பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். காக்காவின் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய வைத்தியர் வேண்டாமென்றார். காக்கா அழுதார். "ஆள் கல்லுப்போல இருக்கிறார், நோன்பு மட்டும் இல்லை" என்று கடைத்தெருவில் சொன்னவர்களும் உண்டு. காலில் கட்டுப் போட்டவனை நோயாளி என்று நம்புகிற ஊர் இது. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது, பித்யாக் கொடுங்கள் என்று ஹஸரத் வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் காக்கா மனம் ஆறினார்.

இப்போது அஸருக்குப் பின் பள்ளியில் கஞ்சி பங்கிடுவது அவர்தான். அகப்பை பிடிக்கும் கை கொஞ்சம் நடுங்கும். இந்த மருந்து எடுக்கும் பலருக்கு அது உண்டு. கஞ்சி சிந்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.