வாடகை வீடும் நான் சொல்லிக் கொடுத்த பொய்யும்

சில வருடங்களுக்கு முன்பு இரண்டு தங்கைமார் வாடகைக்கு வீடு தேடி என்னிடம் வந்தார்கள். ஒருத்தி ஆனையிறவு உப்பளத்திலும் மற்றவள் கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்தார்கள். (அவர்களின் நலன் கருதிச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) 2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் அறிமுகமானவர்கள். இருவருக்கும் அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. அந்தக் கூடாரங்களில் முன்பின் தெரியாத குடும்பங்கள் எல்லாம் நெருக்கியடித்துப் படுத்தோம். யார் யாருக்கு என்ன முறை என்று எவரும் கேட்டதில்லை.

அவர்கள் வெறும் சினேகிதிகள் அல்ல, ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்பவர்கள் என்பதை என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் மறைக்கச் சொன்னேன். "வீட்டுக்காரர் கேட்டால் ஒன்றுவிட்ட அக்கா தங்கை எண்டு சொல்லுங்கோ" என்றேன். சமூகவியல் படித்த எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

வீடு கிடைத்தது. ஐந்தாம் மாதம் விதானையார் பதிவுக்கு விபரம் எடுக்க வந்தபோது ஒருத்தியின் பூர்வீகம் மன்னார், மற்றவளுடையது முல்லைத்தீவு, உறவு எதுவுமில்லை என்பது வெளிவந்தது. பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. "சனம் கதைக்குது பிள்ளை. எனக்கும் வீட்டில குமர் இருக்கு" என்றா வீட்டுக்கார அம்மா. இரண்டாம் நாள் சாமான்கள் விறாந்தையில் கிடந்தன. முற்பணமும் திரும்பி வரவில்லை.

நான் போனபோது உப்பளத்துத் தங்கை சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "அக்கா, உண்மையைச் சொல்லியிருந்தாலும் வீடு தந்திருக்க மாட்டினம். ஆனா பொய்க்காரியள் எண்ட பேராவது வந்திராது."

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு வீடு மறுக்கப்படுவது என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. கணவர் காணாமல் போனவர் என்பதால், இயக்கத்தில் இருந்தவர் என்பதால், ஆண்துணை இல்லை என்பதால் படலையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கார அம்மாவும் யுத்தத்தில் கணவரை இழந்தவர்தான். அதுதான் எனக்கு இன்னும் செமிக்காத விடயம்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். நமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. பாலியல் நாட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. கடை, உணவகம், விடுதி, வழிபாட்டிடம் எல்லாம் பெயர் சொல்லப்பட்டிருக்கின்றன. வாடகை வீடு இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகத்துக்கு எதிராகத்தான், தனியாளான வீட்டுக்காரருக்கு எதிராக அல்ல.

போதாக்குறைக்கு 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365அ பிரிவு 1995 திருத்தத்தால் பெண்களுக்கும் பொருந்தும்படி ஆனது. இது பெண்களுக்கெதிரான பாரபட்சம் என்று ஐ.நா. குழு 2022 இல் இலங்கைக்குச் சொன்னது. இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது. 2024 இல் நாடாளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. இப்படியொரு பிரிவு புத்தகத்தில் கிடக்கும்போது எந்தப் பிள்ளை துணிந்து பொலிசுக்குப் போவாள்?

கனடாவில் நம்மவர் நிறையப் பேர் வாழும் ஒன்ராறியோ மாகாணம் 1986 இலேயே தன் மனித உரிமைச் சட்டத்தில் பாலியல் நாட்டத்தைச் சேர்த்துவிட்டது. இந்தக் காரணத்துக்காக அங்கே வீடு மறுத்தால் வீட்டுக்காரர் பதில் சொல்லவேண்டும். குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் பங்கிடும் இடத்துக்கு மட்டும் விலக்கு. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரு பெண்களின் வழக்கில், தங்குமிட இல்லங்கள் இப்படிப்பட்டவர்களையும் ஏற்கவேண்டும் என்று 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் பக்கத்தில் சொந்தக் காணி இருந்தாலும் சிக்கல் தீராது. வன்னியில் பேமிற் காணிகள் ஏராளம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதற்குப் பின்னுரித்தாளராக வாழ்க்கைத்துணையையோ குறிப்பிட்ட இரத்த உறவுகளையோதான் பெயரிடலாம். ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமை 2022 இல்தான் நீங்கியது. இருபது வருடம் சேர்ந்து கிணறு வெட்டித் தென்னை வைத்தாலும், பேமிற் பெயர்காரி இறந்தால் மற்றவள் அந்தக் காணிக்கு அந்நியள்தான்.

ஒன்றை மட்டும் அன்று நான் அறியாமல் இருந்துவிட்டேன். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அப்படி வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்றத்தில் 66 ஆம் பிரிவின் கீழ் மனுப்போட்டு, மீண்டும் குடியமர்த்தும்படி கேட்கலாம். பொலிசும் இதைத் தாக்கல் செய்யலாம், நாமும் செய்யலாம். அங்கே கேட்கப்படுவது யார் இருப்பில் இருந்தார் என்பதே. யாருடன் படுத்தார் என்பதல்ல. வாடகைக்கு இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது உதவும். எழுத்தில் ஒப்பந்தம், இருவர் பெயரும் அதில், மாதாமாதம் பற்றுச்சீட்டு. இப்போது நான் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

போன வருடம் அவர்கள் இயக்கச்சிப் பக்கம் இன்னொரு வீடு பார்த்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரி எழுபது வயது ஆச்சி. "என்ன முறை பிள்ளையள்?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்கவில்லை. "முறை ஒண்டும் இல்லை ஆச்சி. நாங்கள் ஒண்டா இருக்கிறனாங்கள்" என்றாள் உப்பளத்துத் தங்கை.

ஆச்சி கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்தா. பிறகு, கிணற்றுக் கட்டில் சவர்க்காரத் தண்ணி ஊத்துவீங்களோ என்று கேட்டா.