தலைமை நாற்காலியும் தன்மானமும்

பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். பழனிப் பாளையக்காரர்கள் ஒரு காலத்தில் கொலுவிருந்த ஊர். நிமிர்ந்து நின்றால் திமிர், கேள்வி கேட்டால் கலகம் என்று கருதப்பட்ட காலம் அது. பாளையங்கள் மறைந்தன. 1948இல் பிறந்த சட்டத்தால் ஜமீன்களும் ஒழிந்தன. பாளையக்கார மனப்பான்மை ஒழிந்ததா? இல்லை, தோழர்களே, குடிபெயர்ந்திருக்கிறது! எங்கே? சில பள்ளிகளின் தலைமையாசிரியர் அறைக்குள்!

'சில' என்றுதான் சொல்கிறோம். எல்லாப் பள்ளிகளும் என்று கூறவில்லை. இவ்வட்டாரத்து ஆசிரிய நண்பர்கள் பலரோடு நாம் உரையாடியதுண்டு. ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்காக, மாணவர்கள் எதிரிலேயே அவரை நிற்கவைத்து ஏசினாராம் தலைமையாசிரியர். மறுநாள் முதல் நண்பர் நேரம் தவறவில்லை. ஆனால், பின்தங்கிய பிள்ளைகளை மாலையில் இருத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தாரே, அதை நிறுத்திவிட்டார். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொள்கிறார். வருகைப் பதிவேடு தூய்மையாக இருக்கிறது. பாழானது பிள்ளைகளின் படிப்பு!

மற்றொரு நண்பரின் தலைமையாசிரியர், வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து அமர்வாராம். பாடம் முடிந்தபின் தனியே அழைத்து, "இந்தக் கணக்கை இப்படியும் சொல்லலாமே, ஐயா" என்பாராம். கால அட்டவணை போடுமுன் எல்லோரையும் கலந்து பேசுவார். தாமும் நாள்தோறும் ஒரு வகுப்பு எடுப்பார். அதைச் சொல்லும்போதே நண்பரின் முகம் மலர்ந்தது.

"மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, பிறகென்ன மனநிறைவு?" என்று கேட்போர் உண்டு. சம்பளம் வேண்டும், அதற்காகப் போராடவும் வேண்டும். ஆயினும், பொறியாளர்களையும் கணக்கர்களையும் ஆராய்ந்து 1959இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஹெர்ஸ்பர்க் கண்டது என்ன? குறைந்த ஊதியமும் மேலாளரின் கெடுபிடியும் வெறுப்பை வளர்க்கும். அவற்றை அகற்றியதாலேயே மனநிறைவு வந்துவிடாது. சாதித்தோம் எனும் உணர்வும், பாராட்டும், பொறுப்புமே அதைத் தரும் என்பதே.

இட்லரின் ஆட்சி கண்டு ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூத அறிஞர் குர்ட் லெவின், அமெரிக்காவின் அயோவா நகரில் தம் தோழர்களோடு ஓர் ஆய்வு நடத்தினார். பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களுக்கு மூவகைத் தலைவர்கள்: அடக்கி ஆள்பவர், கலந்து பேசுபவர், கண்டுகொள்ளாதவர். 1939இல் முடிவு வெளிவந்தது. அடக்கி ஆள்பவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலை சரிந்தது. கலந்து பேசுபவர் வெளியேறியபோதும் வேலை நடந்தது. கண்டுகொள்ளாதவரிடமோ வேலையே உருப்படியாக நடக்கவில்லை. எனவே, 'எக்கேடோ கெடட்டும்' என்றிருப்பதை ஜனநாயகம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்!

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1953இல் மேலிருந்து இறங்கியது குலக்கல்வித் திட்டம். பிள்ளைக்குப் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில். ஆசிரியருக்கோ ஒரே நாளில் இரண்டு முறை வகுப்பு! நாடு கொதித்தது, 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். பின்னர், கல்வித்துறை இயக்குநராக இருந்த சுயமரியாதைக்காரர் நெ. து. சுந்தரவடிவேலு என்ன செய்தார்? 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தார். 1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஆசிரியரையும் ஊராரையும் ஒருங்கே அழைத்தார். மக்கள் கட்டடம் தந்தனர், பெஞ்சு தந்தனர், கரும்பலகை தந்தனர். ஆணை ஓராண்டில் மாண்டது. அழைப்பு பள்ளிகளை வளர்த்தது!

பகுத்தறிவு பேசும் இளைஞர்களுக்கு இதில் என்ன வேலை? நிரம்ப உண்டு. 'ஏன், எதற்கு என்று கேள்' என மாணவனுக்குச் சொல்லவேண்டியவர் ஆசிரியர். தலைமையாசிரியர் அறை வாயிலில் வாய்பொத்தி நிற்பவர் அதை எவ்வாறு சொல்வார்? குனிந்தவர் நிமிரக் கற்பிப்பது எங்ஙனம்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில், நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. உங்கள் அண்ணனும் அக்காளும் அதில் இருக்கலாம். தேர்ச்சி எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். ஆசிரியர் கூட்டம் கடைசியாக எப்போது கூடியது, அதில் பேசியவர் ஒருவரா, பலரா என்றும் கேட்கச் சொல்லுங்கள்!