எண்ணைப் பார்க்காதே, எடையைப் பார்!

லண்டனில் வேலை பார்க்கும் அந்த மகனுக்கு வயது நாற்பது. இருபது வருட சிகரெட்டை விட முடியாமல் 'வேப்' எனப்படும் மின்சிகரெட்டுக்கு மாறியவர். 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்களை விற்க பிரிட்டனில் தடை வந்தது. பேட்டரியைக் கழற்றி சார்ஜ் செய்யும் கருவி ஒன்றை வாங்கப் போனார்.

கடைக்காரர் கருவியைவிட பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அந்த செல்லுக்குப் பெயர் '18650'. விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ.

"எம்.ஏ.ஹெச். அதிகமா இருக்குன்னு வாங்காதீங்க. எத்தனை ஆம்பியர் தாங்கும்னு பாருங்க" என்றார்.

கணக்கு எளிது. முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இல்லாத கருவியில் 0.2 ஓம் கம்பிச்சுருள் இருந்தால், 21 ஆம்பியர் பாயும். 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் செல்லைப் போட்டால் அளவுக்கு மீறிச் சூடாகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இந்தியாவில் மின்சிகரெட்டுக்கு 2019-லேயே தடை. அதனால் விடுமுறைக்கு மன்னார்குடி பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது கருவியை லண்டனிலேயே வைத்துவிட்டார்.

வந்த அன்று இரவு த்ரீ ஃபேஸ் கரன்ட் வந்ததும், மோட்டார் போட அப்பா கிளம்பினார். டார்ச் மங்கியது. அப்பா மடியை அவிழ்த்து, சில்லறைக் காசுகளோடு கிடந்த இன்னொரு செல்லை எடுத்தார். மகனுக்குப் பகீரென்றது. அதே 18650! மேலே '9,800 எம்.ஏ.ஹெச்.' என்று கொட்டை எழுத்து. பிளாஸ்டிக் உறையோ நுனியில் கிழிந்திருந்தது.

"எங்கப்பா வாங்குனீங்க?"

"திருவிழாக் கடையில. எண்பது ரூபா. நம்பரைப் பாத்தியா, எவ்வளவு பெருசு!"

மறுநாள் மளிகைக் கடைத் தராசில் அதை வைத்தார் மகன். 28 கிராம். நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். நல்ல நிறுவனங்களின் செல்லிலேயே 3,500 எம்.ஏ.ஹெச். என்பது பெரிய அளவு. 9,800 என்பது அச்சடித்தவரின் கற்பனை.

அப்பாவுக்குப் புரியும்படி சொன்னார்: "மேல இருக்கிற சின்னக் குமிழ்தான் பாசிட்டிவ். மத்த உடம்பு முழுக்க நெகட்டிவ். நடுவுல காப்பாத்துறது இந்த மெல்லிய உறைதான். அது கிழிஞ்ச இடத்துல ஒரு ரூபாக் காசு பட்டாலே போதும்பா, மடியிலேயே தீப்பிடிக்கும்."

அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பும் வழியில், சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி ஒரு செல் வாங்கினார். எடை 46 கிராம். கூடவே இரண்டு செல் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. பார்சல் அனுப்பிவிட்டு போன் செய்தார்.

"அப்பா, செல்லை டப்பாவுலதான் வைக்கணும். ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க. உறை கிழிஞ்சா அன்னைக்கே மாத்திடுங்க. பழசைக் குப்பையிலயோ அடுப்பிலயோ போடாதீங்க. ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி வைங்க. அடுத்த தடவை வரும்போது மின்கழிவு வாங்குற இடத்துல நான் குடுத்துடறேன்."

"சரிடா."

"மறந்துடாதீங்க."

"மறக்கல. நீ ஒண்ணை மறந்துட்டே. பத்து நாளா வைக்கோல் போருக்குப் பின்னாடி நின்னு சிகரெட் பிடிச்சியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் மடியில தீப்பிடிக்கும்னு பயப்படுற. வைக்கோலு? உன் நெஞ்சு?"

மகனிடம் பதில் இல்லை.

"நீ சொன்னதை எல்லாம் நான் கேக்குறேன். நான் சொல்றது இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, சட்டைப் பையில் பாதி மீதமிருந்த சிகரெட் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார் மகன். லண்டனில் காத்திருக்கும் அந்தக் கருவியையும் எப்போது விடப்போகிறோம் என்று முதல் தடவையாக யோசித்தார்.