ஒன்பது பேர் கொண்ட நிறுவனம்

இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் கணினித்துறை மாணவர்கள் பெரும்பாலும் விண்ணப்பிப்பது வங்கிகளுக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும்தான். சைபர்ஜெயாவின் கண்ணாடிக் கட்டடங்களில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டால் பெற்றோருக்குப் பெருமை. உறவினர்களிடம் சொல்லவும் எளிது. ஆனால், நம் நாட்டில் மென்பொருள் எழுதுவோர் எல்லாரும் அங்கேயே இருப்பதில்லை. உணவகத்துக்கு மேலே, கடைவீட்டின் இரண்டாம் மாடியில், படிக்கட்டில் குழம்பு வாசம் வரும் இடங்களிலும் மென்பொருள் பிறக்கிறது. அப்படியோர் இடத்தில் 2014 முதல் 2019 வரை வேலை செய்தவன் என்ற முறையில், தமிழ்மொழிக் கழகத் தம்பி தங்கையரோடு சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிறிய நிறுவனம் என்றால் எவ்வளவு சிறியது? சேவைத் துறையில் 5 முதல் 29 ஊழியர்கள் வரை, அல்லது ஆண்டு விற்பனை 3 லட்சம் வெள்ளி முதல் 30 லட்சம் வெள்ளிக்குள் என்றால் அது சிறுதொழில் என நம் நாட்டில் வகுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்பது பேர். முதலாளி ஒரு சீனர், விற்பனைக்கு இருவர், கணக்குக்கு ஓர் அக்கா, கருவிகளைக் கொண்டுபோய்ப் பொருத்த ஒரு மலாய்க்கார அண்ணன், நிரல் எழுத நால்வர். மளிகைக் கடைகளுக்கும் மினி மார்க்கெட்டுகளுக்கும் உணவகங்களுக்கும் கல்லா மென்பொருள் செய்து கொடுப்பதே எங்கள் தொழில்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்த பாடம் ஐந்து சென் பற்றியது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்கிறோம் அல்லவா? 10 வெள்ளி 2 சென் என்றால் 10 வெள்ளி. 10 வெள்ளி 3 சென் என்றால் 10 வெள்ளி 5 சென். இதைப் பொருளுக்குப் பொருள் செய்யக்கூடாது. மொத்தத் தொகையில் ஒரே ஒருமுறைதான் செய்ய வேண்டும். அட்டையில் செலுத்துவோருக்கு இது பொருந்தாது. பல்கலைக்கழகத்தில் என்றால் இது இரண்டு மதிப்பெண் கணக்கு. கடையில் அப்படியல்ல. இரவில் கல்லாப்பெட்டியில் இருக்கும் பணமும் அறிக்கையில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாவிட்டால், கடைக்காரர் முதலில் சந்தேகப்படுவது மென்பொருளை அல்ல. கல்லாவில் நின்ற பெண்ணைத்தான். நாம் எழுதும் ஒரு வரிக்குப் பின்னால் ஒருவருடைய நாணயம் இருக்கிறது என்பதை அங்குதான் உணர்ந்தேன்.

பெரிய நிறுவனத்தில் நிரல் எழுதுபவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையே பத்துப் பேர் இருப்பார்கள். எங்களுக்கு இடையில் ஒரு தொலைபேசி மட்டுமே இருந்தது. கிள்ளானில் ஓர் உணவக உரிமையாளர் ஒருநாள் அழைத்து, "தம்பி, எங்க சமையல்காரங்க ஊர்ல இருந்து வந்தவங்க. ஆங்கிலமும் மலாயும் படிக்கத் தெரியாது. சமையலறைக்குப் போற சீட்டு தமிழ்ல வருமா?" என்று கேட்டார். அதுவரை பரிமாறுபவர் ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்துச் சொல்லிக் கொண்டிருந்தார். ஆள் நெரிசலில் முட்டைத் தோசை வெங்காயத் தோசையாக மாறிவிடும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால், அந்தச் சிறிய ரசீது அச்சுப்பொறியின் நினைவகத்தில் தமிழ் எழுத்துகளே இல்லை. ஒருங்குறியில் அனுப்பினால் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது. எனவே, ஒவ்வொரு வரியையும் கணினியிலேயே படமாக வரைந்து, அந்தப் படத்தை அச்சுப்பொறிக்கு அனுப்பினோம். கொம்பும் காலும் உரிய இடத்தில் வந்தன. அடுத்து, சிறிய எழுத்தில் 'ன'வும் 'ண'வும் ஒன்றுபோலக் கலங்கித் தெரிந்தன, எழுத்தைப் பெரிதாக்கினோம். இரண்டு நாளில் வேலை முடிந்தது. பெரிய நிறுவனமாக இருந்தால் ஒப்புதல் வாங்கவே இரண்டு மாதம் ஆகியிருக்கும். பள்ளியில் படித்த தமிழ் வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தச் சீட்டுதான்.

பிறகு வந்தது வரி. 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய்க்கு வரி சுழியம். சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் 6 விழுக்காடு. ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். நிரல் எழுதும் நாங்களும் அலமாரி அலமாரியாக நின்று குறித்தோம்.

மூன்றாண்டு கழித்து, 2018 மே 9 பொதுத்தேர்தலுக்குப் பின், ஜூன் 1 முதல் வரி சுழியமாகும் என்று மே 16-இல் அறிவிப்பு வந்தது. கையில் இருந்தது இரண்டு வாரம். ஓர் எண்ணை அழிப்பதுதானே என்று தோன்றும். மே 31 அன்று வாங்கிய பொருளை ஜூன் 2-இல் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது? அவர் கட்டிய 6 விழுக்காட்டையும் சேர்த்தல்லவா திருப்பித் தர வேண்டும்! எனவே, வரி விகிதத்தைப் பொருளோடு மட்டுமன்றி விற்ற நாளோடும் இணைத்தோம். செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரிகள் திரும்பி வந்தன. ஆனால், விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வாங்கப்படுவது. மினி மார்க்கெட்டுக்கு வரிக் கணக்கே தேவையற்றுப் போனது. பல கடைகள் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஓர் அரசாங்க அறிவிப்பு எங்கள் ஒன்பது பேரின் சோற்றுப்பானை வரை வந்துவிட்டது.

மாத இறுதிச் சம்பளம் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போனது. ஒருநாள் கணக்கு அக்கா மெதுவாக, "உங்க சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்க, தம்பி" என்றார். பார்த்தேன். என் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்பட்டிருந்தது. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். மூன்று மாதமாக எதுவும் கட்டப்படவில்லை. அது சட்டப்படி குற்றம். ஆயினும், எங்கள் பணத்தை நாங்கள் கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது முதல் ஆளாக வந்து பார்த்தவர் அவர். ஒன்பது பேர் கொண்ட இடத்தில் மனிதவளப் பிரிவு கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது. நேருக்கு நேர் முகம்தான். கடைசியில் நால்வரும் சேர்ந்தே போய்க் கேட்டோம். அவர் மறுக்கவில்லை, இரண்டு மாதத்தில் முழுவதையும் கட்டி முடித்தார். நல்ல மனிதராக இருப்பது வேறு, சட்டப்படி நடப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நட்டம் ஊழியருக்கே என்பது எனக்குத் தெளிவானது.

எனவே தம்பி தங்கையரே, சிறிய நிறுவனம் என்று ஒதுக்காதீர்கள்; கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. 2024 ஆகஸ்டு 1-இல் பெரிய நிறுவனங்களிடமிருந்து தொடங்கிய மின்விலைப்பட்டியல் முறை படிப்படியாக விரிவதால், இத்தகைய நிறுவனங்களுக்கு மீண்டும் வேலை பெருகியிருக்கிறது. நேர்காணலுக்குப் போனால் நீங்களும் கேள்வி கேளுங்கள். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? நிரலின் முழு அமைப்பையும் அறிந்தவர் ஒருவர் மட்டும்தானா, பலரா? சனிக்கிழமை வேலை உண்டா? 2023 முதல் வார வேலை நேரம் 45 மணிக்கு மேற்படக்கூடாது என்பதையும், மாதச் சம்பளம் 4,000 வெள்ளி வரை பெறுவோருக்கு மிகைநேர ஊதியம் உண்டு என்பதையும் அறிந்து வைத்திருங்கள். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குப் பின் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். அது முதலாளியை நம்பாமை ஆகாது. ரசீதைச் சரிபார்ப்பது போன்ற ஒரு பழக்கம்தான். இவற்றுக்கெல்லாம் நேரான பதில் தரும் இடம் கிடைத்தால், அது எத்தனையாவது மாடியில் இருந்தாலும் துணிந்து ஏறுங்கள்.